வரைபடத்துக்கு முன் ஒரு குழி வெட்டிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீடு கட்டுவோருக்கென நாளிதழ்கள் ஒதுக்கும் பக்கங்களில் அறைகளின் அளவு, சுவர்ப்பூச்சு, கதவு, ஜன்னல், மாடித்தோட்டம் என எல்லாவற்றையும் பற்றி விரிவாக எழுதப்படுகிறது. ஆனால் இவை அத்தனையும் எந்த மண்ணின்மேல் நிற்கப் போகின்றனவோ அந்த மண்ணைப் பற்றி, "மண்ணின் தாங்குதிறனைப் பரிசோதித்துக்கொள்ளவும்" என்ற ஒற்றை வரியோடு பேச்சு முடிந்துவிடுகிறது. செப்டிக் டேங்க் பற்றிய கட்டுரை வேறொரு நாளில் வருகிறது. தோட்டத்தைப் பற்றிய கட்டுரை வேறொரு பக்கத்தில் வருகிறது. ஒரே மனையில், சில மீட்டர் இடைவெளிக்குள் அமையும் இந்த மூன்றையும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவைபோலப் பார்ப்பதுதான், சுவரில் ஓடும் விரிசலுக்கும் அடிக்கடி நிரம்பி வழியும் தொட்டிக்கும் நட்ட இடத்திலேயே பட்டுப்போகும் கன்றுகளுக்கும் பெரும்பாலும் காரணமாகிறது என்பது கட்டுமானப் பணியிலேயே காலம் கழித்தவன் என்ற முறையில் என் உறுதியான கருத்து. அதை விளக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

மனை வாங்கியவர் வரைபடம் போடுவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை, அந்த மனையில் ஒரு குழி வெட்டிப் பார்ப்பது. சுவரும் தூணும் வரப்போகும் இடத்தில் வெட்டினால், பிறகு மூடிய மண் இளகலாகவே கிடந்து கட்டடத்துக்குத் தீங்காகும் என்பதால், கழிவுநீர் உறிஞ்சப்பட வேண்டிய இடத்தின் ஓரமாக வெட்டுவது நல்லது. ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமான குழிக்குள், பக்கங்களுக்கு முட்டுக் கொடுக்காமல் எவரையும் இறங்க விடக்கூடாது. பார்ப்பதற்கு உறுதியாகத் தெரியும் மண்கூட நொடியில் சரிந்து ஆளை மூடிவிடும்.

வெட்டிய குழியின் சுவரை மண்வெட்டியால் மெல்லச் சீவிவிட்டு வெளிச்சத்தில் பார்த்தால், அந்த இடத்தின் பல ஆண்டு வரலாறு கண்ணுக்குத் தெரியும். மேலே ஒரு சாண் அளவுக்கோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ, வேர்கள் பின்னிக் கிடக்கும் கருமையான மேல்மண் இருக்கும். அதற்குக் கீழே நிறம் மாறும். செம்மையோ மஞ்சளோ ஒரே சீராகப் படர்ந்திருந்தால் அங்கே காற்று நன்றாகப் புழங்குகிறது, மண்ணிலுள்ள இரும்பு துருவேறியிருக்கிறது என்று பொருள். சாம்பல் நிறத்தினிடையே துருப்புள்ளிகள் சிதறிக் கிடந்தால், ஆண்டில் ஒரு பகுதியில் தண்ணீர் அந்த மட்டம் வரை ஏறி நின்று பின் இறங்குகிறது என்று அறியலாம். முழுவதும் நீலம் கலந்த சாம்பலாக இருந்து, முகர்ந்தால் அழுகிய வாடையும் வீசினால், அந்த அடுக்கு நெடுங்காலம் நீரிலேயே ஊறிக் கிடந்திருக்கிறது. கோடையில் குழி முழுவதும் உலர்ந்திருந்தாலும் இந்த நிறங்கள் மழைக்கால நீர்மட்டத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். வீட்டுக்கும் தொட்டிக்கும் மரத்துக்கும் ஒருங்கே தேவைப்படும் செய்தி இதைவிட வேறில்லை.

அடுத்ததாக ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் ஒரு பிடி மண்ணை எடுத்து, கல்லும் வேரும் நீக்கி, நீர் தெளித்துப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே தள்ளி நாடாவாக நீட்டிப் பார்க்க வேண்டும். மணல் நாடாவாகவே வராது. வண்டல் மாவுபோல் வழுக்கி, சிறிது நீண்டதும் உடைந்துவிடும். களி ஐந்து சென்டிமீட்டருக்கும் மேல் அறுந்துபோகாமல் நீளும். அதே மண்ணை ஒரு கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு போட்டு, நீர் நிரப்பிக் குலுக்கி வைத்தால், மணல் ஓரிரு நிமிடங்களில் அடியில் தங்கிவிடும்; வண்டல் படிய ஓரிரு மணிநேரம் ஆகும்; 0.002 மில்லிமீட்டருக்கும் நுண்ணியதான களி ஒரு நாள் கழிந்தும் தெளியாமல் மிதந்துகொண்டிருக்கும். இவை ஆய்வகச் சோதனைக்கு மாற்றாகா. ஆயினும், பொறியாளரிடம் என்ன கேள்வி கேட்க வேண்டும் என்பதை வீட்டுக்காரருக்கு இவை சொல்லிக்கொடுக்கும்.

களியிலும் எல்லாக் களியும் ஒன்றல்ல. கயோலினைட் வகைக் களி நனைந்தாலும் காய்ந்தாலும் பெரிதாக அசைவதில்லை. கரிசலில் மிகுந்திருக்கும் மாண்ட்மோரில்லோனைட் வகையோ, அடுக்கி வைத்த மெல்லிய தாள்களைப்போன்ற அமைப்புடையது. நீர் அந்தத் தாள்களுக்கிடையே புகுந்து அவற்றை விலக்குவதால் மண்ணே உப்புகிறது, நீர் வற்றினால் சுருங்கிப் பாளம்பாளமாக வெடிக்கிறது. அதில் ஒரு கிராமின் மொத்தப் பரப்பு 800 சதுர மீட்டர் வரை இருக்கும் என்றால், அது எவ்வளவு நீரைப் பற்றிக்கொள்ளும் என்பதை ஊகிக்கலாம். தக்காணப் பீடபூமியிலும், சூடானின் கெசீரா சமவெளியிலும், கிழக்கு ஆஸ்திரேலியாவிலும், அமெரிக்காவின் டெக்சாசிலும் இத்தகைய மண் பரந்து கிடக்கிறது. இங்கெல்லாம் வீட்டின் எடை மண்ணை அழுத்துவதைவிட, மண் வீட்டைத் தூக்குவதே பெரிய தொல்லை. ஒற்றைத்தள வீடு இலேசானது. அடியிலிருந்து மேலெழும் அழுத்தத்தை அடக்கி வைக்க அதன் எடை போதாது. இதை அறியாமல், "சின்ன வீடுதானே, சாதாரண கடைக்கால் போதும்" என்று சொல்லப்படுவதைக் கேட்கும்போதெல்லாம் மனம் பதைக்கிறது.

இதற்கு வழியில்லாமல் இல்லை. பருவத்துக்குப் பருவம் நனைந்து காயும் மேலடுக்கைக் கடந்து, ஈரம் மாறாத அடுக்கில் ஊன்றுமாறு, அடியில் குமிழ்போல் அகன்ற காங்கிரீட் தூண்களான அண்டர்ரீம்டு பைல்களை ஏறத்தாழ 3.5 மீட்டர் ஆழத்துக்கு இறக்கி, அவற்றின்மேல் ஓடிச் சுவரைத் தாங்கும் விட்டமான கிரேடு பீம் மண்ணைத் தொடாதபடி அடியில் இடைவெளி விட்டுக் கட்டும் முறை கரிசல் நிலங்களில் நெடுங்காலமாக நடைமுறையில் இருக்கிறது. அந்த இடைவெளியை வேலையாட்கள் மண்ணைப் போட்டு நிரப்பிவிடாமல் பார்த்துக்கொள்வது, பைல் போடுவதைப் போலவே முக்கியம்.

மண்ணின் மேற்பரப்பை மட்டும் பார்த்து முடிவெடுப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதற்குக் கனடாவின் மானிட்டோபா மாகாணத்திலுள்ள டிரான்ஸ்கோனாவில் 1913-ஆம் ஆண்டு அக்டோபரில் நடந்தது நல்ல சான்று. பத்து லட்சம் புஷல் தானியம் கொள்ளும் காங்கிரீட் களஞ்சியம் அது. கட்டுவதற்கு முன் அங்கே சோதனை நடக்காமலில்லை. மேலிருந்த கெட்டியான களியின்மேல் எடை ஏற்றிப் பார்த்துத் தாங்கும் என்று முடிவு செய்தார்கள். தானியம் நிரம்பத் தொடங்கியதும், அதற்குக் கீழே கிடந்த இளகிய களி பிதுங்கி, களஞ்சியம் ஏறக்குறைய முழுதாகவே 27 பாகை அளவுக்குச் சாய்ந்துவிட்டது. காங்கிரீட்டில் குறையில்லை. பின்னர் அடியில் பாறை வரை தூண்கள் இறக்கி அதை நிமிர்த்தினார்கள். ஒரு கட்டடம் அகலமாக அகலமாக, அதன் எடை மண்ணில் ஆழமாக இறங்கும். ஒரு சிறிய தகட்டின்மேல் எடை வைத்துப் பார்க்கும் சோதனை அந்த ஆழத்தை எட்டுவதில்லை. துளையிட்டு ஆழம் ஆழமாகச் சோதிக்கும் முறையின் தேவை இங்குதான் விளங்குகிறது. 63.5 கிலோ சுத்தியலை 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழச்செய்து, குழல் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி தேவைப்படுகிறது என்று எண்ணும் எஸ்.பி.டி. சோதனையை, மண் அறிக்கையில் "N மதிப்பு" என்ற பெயரில் பலர் பார்த்திருப்பீர்கள். அந்த எண் ஓர் ஆழத்துக்கு மட்டும் உரியது. ஆழத்துக்கு ஆழம் அது எப்படி மாறுகிறது என்பதையே படிக்க வேண்டும்.

பீசா கோபுரத்தை எல்லாரும் அறிவர். 1173-இல் தொடங்கிய வேலை சில அடுக்குகளுக்குப் பின் நின்றுபோய் ஏறத்தாழ நூறாண்டு கிடந்ததால்தான் அடியிலிருந்த மென்களி நீர் வடிந்து சற்று இறுகியது. தொடர்ந்து கட்டியிருந்தால் அன்றே கவிழ்ந்திருக்கும் என்று மண் பொறியியலார் கணித்திருக்கிறார்கள். நனைந்த களியிலிருந்து நீர் வெளியேற ஆண்டுகள் ஆகும் என்பதையும், அந்த நீர் தாங்கும் அழுத்தத்தைக் கழித்தே மண்ணின் உண்மையான வலிமையைக் கணக்கிட வேண்டும் என்பதையும் கார்ல் டெர்சாகி நிறுவி 1925-இல் நூலாக வெளியிட்ட பிறகுதான் மண் இயக்கவியல் தனித்துறையாயிற்று. மணல் அந்த வகையில் எளிது. ஆனால் இளகலான நுண்மணல் நீர் நிறைந்து கிடக்கும் இடத்தில் நிலநடுக்கம் வந்தால் மண் குழம்பாகிவிடும். 1964-இல் ஜப்பானின் நீகாட்டாவில் அடுக்குமாடிக் கட்டடங்கள் உடையாமலேயே பக்கவாட்டில் சாய்ந்து படுத்தது இதனால்தான்.

இனி, கழிவுநீர். செப்டிக் டேங்க் கழிவைச் சுத்தம் செய்துவிடுகிறது என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில் 1881-இல் பிரான்சில் லூயி மூரா காப்புரிமை பெற்ற காலத்திலிருந்து இன்றுவரை அந்தத் தொட்டி செய்வது ஒரு பாதி வேலைதான்: கனமானவை அடியில் வண்டலாகத் தங்குகின்றன, எண்ணெய்ப் பசை மேலே ஏடாக மிதக்கிறது, காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் ஒரு பகுதியைச் சிதைக்கின்றன. இடையிலிருந்து வெளியேறும் நீர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தாலும் நோய்க்கிருமிகள் நிறைந்தது. மீதிப் பாதி வேலையைச் செய்வது மண். தொட்டியிலிருந்து வரும் நீரை மண்ணுக்குள் இறங்கவிடும் உறிஞ்சு களத்துக்கு அடியில், நீர்மட்டத்துக்கு மேலாக, நீர் நிறையாமல் காற்றோட்டத்துடன் இருக்கும் மண் குறைந்தது 60 முதல் 120 சென்டிமீட்டர் வரை கிடைத்தால், நீர் அதில் மெல்ல இறங்கும்போது கிருமிகள் துகள்களில் ஒட்டிக்கொண்டும் மற்ற உயிர்களுக்கு இரையாகியும் அழிகின்றன. குழியின் சுவரில் பார்த்த துருப்புள்ளிகள் மேலேயே தொடங்கினால், அந்தக் காற்றோட்டமுள்ள அடுக்கு அங்கே இல்லை என்று அர்த்தம். மழைக்காலத்தில் கழிவுநீர் வடிகட்டப்படாமலேயே நிலத்தடி நீரோடு கலக்கும்.

நீர் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதை அளக்க, குழியில் முதலில் நீரூற்றி மண்ணை நன்றாக ஊறவைத்து, பிறகு நீர்மட்டம் ஓர் அங்குலம் இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்ப்பார்கள். நியூயார்க் மாகாணத்தில் ஹென்றி ரையன் 1920-களில் வகுத்த முறை இது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றின் விதிகளில், ஓர் அங்குலம் இறங்க 60 நிமிடத்துக்கு மேல் ஆகும் மண் சாதாரண உறிஞ்சு களத்துக்கு ஏற்றதன்று. பலர் அறியாத மறுபக்கமும் உண்டு: ஒரு நிமிடத்துக்குள் இறங்கிவிடும் பருமணலும் சரளையும்கூட ஏற்றவையல்ல. "எங்கள் டேங்க் நிரம்பவே நிரம்பாது" என்று பெருமைப்படுகிறவர்களுடைய கழிவுநீர், வடிகட்டப்பட நேரமே இல்லாமல் பக்கத்துக் கிணற்றுக்குப் போய்க்கொண்டிருக்கக்கூடும். கிருமியைத் தடுக்கும் மண்கூட, கழிவிலிருந்து உண்டாகும் நைட்ரேட் என்ற உப்பைத் தடுப்பதில்லை. அது நீரோடு கரைந்தே போகும். குடிநீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது, புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் ஆற்றலை இழந்துவிடக்கூடும் என்பதால்தான். ஆகவே கிணற்றுக்கும் தொட்டிக்கும் இடையே இத்தனை மீட்டர் என்று எண்ணை மட்டும் மனப்பாடம் செய்வது போதாது. நிலத்தின் சரிவு எந்தப் பக்கம், மண் மணலா களியா, பாறை வெடிப்புகள் உண்டா என்பவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

நீர்மட்டம் மேலே இருக்கும் இடத்தில் மழைக்காலத்தில் தொட்டியை முழுவதும் காலி செய்தால், தொட்டியே மிதந்து மேலெழும்பிக் குழாய் இணைப்புகள் முறிந்துவிடும். எந்தக் காரணத்துக்காகவும் ஆளை உள்ளே இறக்கக்கூடாது. தொட்டிக்குள் தேங்கும் நச்சுவாயுவால் இன்னமும் மனித உயிர்கள் போய்க்கொண்டிருக்கின்றன. இதை எத்தனை முறை எழுதினாலும் தகும்.

இந்த மூன்றும் ஒன்றோடொன்று எப்படிப் பிணைந்திருக்கின்றன என்பதற்கு நான் நேரில் பார்த்த ஒரு வீட்டைச் சொல்கிறேன். கருங்களி நிலம். இடம் மிச்சமாகட்டும் என்று உறிஞ்சுகுழியை வீட்டின் பின்மூலைக்கு அருகிலேயே தோண்டியிருந்தார்கள். எதிர்மூலைச் சுவரை ஒட்டி ஒரு பெரிய மரம். ஒரு மூலையில் ஆண்டு முழுவதும் ஈரம். மறுமூலையில் மரத்தின் வேர்கள் ஈரத்தை உறிஞ்சியதால் வறட்சி. மண் ஒரு பக்கம் உப்பி, மறுபக்கம் சுருங்கியது. ஜன்னலின் மேல்மூலையிலிருந்து சாய்வாக ஏறிய விரிசல் அடியில் மயிரிழையாகவும் மேலே விரல் நுழையும் அகலத்திலும் இருந்தது; கதவு நிலையில் சிக்கியது. பூச்சுவேலை செய்தவரைக் குறை சொல்லி, விரிசலை அடைத்து, மீண்டும் வண்ணம் பூசினார்கள். அடுத்த கோடையில் அதே இடத்தில் மறுபடியும் பிளந்தது. சிமென்ட்டில் எந்தக் குற்றமும் இல்லை. குழியை வேறிடத்துக்கு மாற்றி, வீட்டைச் சுற்றி ஈரம் ஒரே சீராக இருக்கும்படி செய்வதுதான் தீர்வாக இருந்தது.

அப்படிப்பட்ட நிலத்தில் மரத்தை உடனே வெட்டிவிடுவதும் தீர்வாகாது. நெடுங்காலம் வேர் உறிஞ்சி உலர்த்திய களி, மரம் போன பின் ஆண்டுக்கணக்கில் மெல்ல ஈரம் ஏற்று உப்பி, வீட்டை மறுபக்கமாகத் தூக்கும். 1976-ஆம் ஆண்டின் கடும் வறட்சியில் லண்டன் களியின்மேல் நின்ற ஏராளமான வீடுகளில் விரிசல் கண்டு, காப்பீட்டு நிறுவனங்களிடம் இழப்பீட்டு மனுக்கள் குவிந்தன. மரத்தையும் கடைக்கால் ஆழத்தையும் சேர்த்தே கணக்கிடும் வழக்கம் அங்கே வலுப்பெற்றது அதன் பிறகுதான். மரம் வேண்டாம் என்பதல்ல என் வாதம். வளர்ந்தபின் அது எட்டும் உயரத்துக்கு நிகரான தூரத்தையாவது களிநிலத்தில் விட்டு நட வேண்டும் என்பதே. வீட்டை ஒட்டிப் பூம்பாத்தி அமைத்து அன்றாடம் நீர் பாய்ச்சுவதும் அதேபோல் தவறு. சுவரிலிருந்து முதல் 3 மீட்டருக்குள் தரை ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் சரிந்திருந்தால் மழைநீர் கடைக்காலை விட்டு விலகிப்போகும்.

தோட்டத்துக்கு வருகிறேன். வீடு கட்டி முடித்தபின் "இந்த மண்ணில் எதுவும் வளரவில்லை" என்று வருந்துவோர் பெரும்பாலும் தங்கள் மண்ணையே பார்க்கவில்லை. கடைக்காலுக்கு வானம் தோண்டியபோது வெளிவந்த அடிமண்ணையும், உடைந்த செங்கல்லையும், கொட்டிக் கிடந்த சிமென்ட்டையும்தான் பார்க்கிறார்கள். உயிர்ச்சத்து நிறைந்த மேல்மண் அதற்கடியில் புதைந்து, லாரியும் பொக்லைனும் ஏறி இறங்கியதால் இறுகிக் கிடக்கிறது. நல்ல மண்ணின் கொள்ளளவில் ஏறத்தாழ பாதி வெற்றிடம்; அதில்தான் நீரும் காற்றும் தங்குகின்றன. வண்டிச் சக்கரம் அந்த வெற்றிடத்தை நசுக்கிவிட்டால் எந்த உரமும் அதை ஈடுகட்டாது. வேலை தொடங்குமுன் மேல்மண்ணை வழித்தெடுத்து ஓர் ஓரத்தில் தாழ்வான குவியலாக மூடி வைத்து, கடைசியில் பரப்பிவிடுவதற்கு ஒரு நாள் வேலைதான் கூடுதலாகும். கொத்தனாரிடமும் மேஸ்திரியிடமும் முதல் நாளே சொல்லிவிட வேண்டிய செய்தி இது. உறிஞ்சு களத்துக்கான இடத்தையும் அப்போதே கயிறு கட்டித் தடுத்துவிட வேண்டும். அங்கே ஒருமுறை லாரி ஏறினால், முன்பு அளந்த உறிஞ்சும் வேகத்தை நம்ப முடியாது.

சிமென்ட்டும் சுண்ணாம்பும் கலந்த மண்ணின் காரத்தன்மை ஏறிவிடும். கார அமில நிலை 7.5-ஐத் தாண்டினால் மண்ணில் இரும்பு இருந்தும் செடிக்குக் கிட்டுவதில்லை. இளம் இலைகள் மஞ்சளாகி நரம்புகள் மட்டும் பச்சையாகத் தெரிவது அதன் அடையாளம். அதைக் கண்டு யூரியா போடுவதில் பயனில்லை. களியை இளக்க மணல் சேர்க்கும் பழக்கமும் கேடு. போதுமான அளவுக்குக் குறைவாகச் சேர்த்த மணலும் களியும் கலந்து காய்ந்தால் கல்லாக இறுகும். மக்கிய இலையும் தொழுவுரமும்தான் களியைப் பொலபொலப்பாக்கும், மணலில் நீரையும் நிறுத்தும். ஜிப்சம் எல்லாக் களிக்கும் மருந்தன்று. சோடியம் மிகுந்து நீர் இறங்காமல் நிற்கும் களர்நிலத்துக்கே அது உதவும். அந்தச் சோடியம் சலவைத்தூள் கலந்த நீரிலும் உண்டு என்பதால், துணி துவைத்த நீரைக் களிநிலத்தில் தொடர்ந்து பாய்ச்சினாலும், தொட்டி வழியாக உறிஞ்சு களத்துக்கு விட்டாலும், நுண்துளைகள் மெல்ல அடைபடும்.

ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். வீட்டு வரைபடங்களை வெளியிடும்போது, அது எந்த வகை மண்ணுக்காக வரையப்பட்டது, நீர்மட்டம் எவ்வளவு ஆழத்தில் இருப்பதாகக் கொள்ளப்பட்டது, கழிவுநீர் எங்கே இறங்குகிறது, பெரிய மரங்களுக்கு எந்தப் பக்கம் இடம் விடப்பட்டுள்ளது ஆகிய நான்கு விவரங்களையும் படத்தோடு சேர்த்து அச்சிட வேண்டும். இவை இல்லாத வரைபடம், பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும், அதைக் கத்தரித்து வைத்துக்கொண்டு தன் மனையில் அப்படியே கட்ட நினைக்கும் வாசகரைத் தவறான வழியில் செலுத்தும். மண் ஆய்வுக்கூடங்களில் பணிபுரியும் பொறியாளர்களையும் வேளாண் அலுவலர்களையும் ஒரே பக்கத்தில் எழுதச் செய்தால் இன்னும் நன்று. நீர்மட்டம் உச்சத்தில் இருப்பது மழைக்காலத்தின் முடிவில்தான் என்பதால், குழி வெட்டிப் பார்க்கும் முறையை விளக்கும் கட்டுரையை அந்தப் பருவத்துக்குச் சற்று முன்பாகவே வெளியிட்டால், அந்த ஆண்டே வாசகர்கள் தங்கள் மனையில் செய்து பார்க்க முடியும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாசகர்